பதினாலா, பதினஞ்சா?

மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் அடித்த ஆனி மாதக் காற்றில், வாயையே திறக்காத ஒரு மனிதன் பேசிய பேச்சை, பக்கத்து நாற்காலிக்காரன் வெற்றிலை மெல்லுகிற சத்தம் கேட்கிற துல்லியத்தில் பதிவு செய்த ஒரே ஆள் இந்த அண்டத்தில் தான்தான் என்று நாச்சிமுத்து அறிவித்தார். அறிவித்த இடம் உடுமலைப்பேட்டை பேக்கரி ஒன்று. நேரம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. கையில் இரண்டாவது தேங்காய் பன்.

பேக்கரியில் அப்போது அவரைத் தவிரப் பதினொரு பேர் இருந்தார்கள். பத்துப் பேர் வழக்கம்போல ரசித்துச் சிரித்தார்கள். நாச்சிமுத்துவின் கதைகளை டீயோடு சேர்த்தே குடித்துப் பழகியவர்கள் அவர்கள். யாரும் வடிகட்டிப் பார்ப்பதில்லை. பதினொன்றாவது ஆள் மட்டும் அப்படியில்லை. அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பப்ஸ் எல்லாம் ஓரடி நகர்ந்து உட்கார்ந்தன.

"வாயத் தொறக்காதவன் எப்படிங்க மச்சான் பேசுவான்? அதக் கேட்டவனுக்குக் காதாவது இருந்துச்சுங்களா?"

அவர் திருமலைசாமி. நாச்சிமுத்துவின் தங்கை மயிலாத்தாளின் கணவர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் முப்பத்து மூன்று வருஷம் பேருந்து ஓட்டி, ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ஓய்வு பெற்றவர். நாச்சிமுத்து ஆயிரம் என்றால், "எழுநூறுன்னே வச்சுக்குவோம்" என்று ஆரம்பித்து, படிப்படியாக இறக்கிப் பூஜ்யத்தில் கொண்டு வந்து நிறுத்துவார். ஓய்வுக்காலத்தில் அதுதான் அவருக்குத் தொழில்.

"பதிவு இருக்குது மாப்ள. கேக்கறீங்களா?" என்றார் நாச்சிமுத்து. குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"உங்க மெஷினும் உங்கள மாதிரித்தான மச்சான். பத்துக்கு ஒம்பது ரீலு." திருமலைசாமி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "ஞாயித்துக்கெழம வால்பாறையில பேத்திக்குக் காதுகுத்து. நானும் மயிலும் வண்டியிலயே மலையேறறோம். நீங்க பத்திரமா பஸ்ல வந்து சேருங்க. காத்துல தூக்கீட்டுப் போயிரப் போவுது."

மறுபடியும் சிரிப்பு. நாச்சிமுத்து மீதிப் பன்னைத் தட்டில் வைத்தார். அவர் சொன்னது பெருமைக்காக அல்ல என்பது அந்தப் பதினொரு பேரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

இந்தக் கூத்தெல்லாம் காற்றால் வந்தது.

நாச்சிமுத்து முப்பத்தொரு வருஷம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்த்தவர். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற காற்றைக் கும்பிட்டுச் சோறு தின்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு பேட்டரி பைக் வாங்கி, ஹெல்மெட்டில் கேமராவை மாட்டிக்கொண்டு, ஊர் ஊராகச் சுற்றிப் பேசிப் படம் எடுத்துப் போட ஆரம்பித்தார். பைக்குகளில் இருந்து பெட்ரோல் எஞ்சின் ஒழிந்துபோய்க்கொண்டிருந்த காலம் அது. எஞ்சின் சத்தம் போனால் குரல் தெளிவாகப் பதிவாகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. இத்தனை நாள் எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருந்த காற்று இப்போது சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து நின்றது.

முதல் வீடியோவுக்கு வந்த முதல் கருத்து: "அண்ணா, மாவு மில்லுக்குள்ள தலைய விட்டுப் பேசறீங்களா?"

மைக்கை ஹெல்மெட்டின் தாடைக்குள் வைத்தார். காற்று வந்தது. சோபா மெத்தையைக் கிழித்துப் பஞ்சு வைத்தார். பஞ்சோடு சேர்ந்து வந்தது. குழந்தையின் கம்பளிக் காலுறையை மாட்டினார். காற்று காலுறை போட்டுக்கொண்டு வந்தது. கோவையிலிருந்து பூனை வால் மாதிரிப் புசுபுசுவென்று ஒரு மைக் உறை தருவித்தார். அதைப் பார்த்து ஒரு நாய் தாராபுரம் ரோட்டில் பதினேழு கிலோமீட்டர் துரத்தியது என்பார் (திருமலைசாமியின் கணக்கில் நாற்பது மீட்டர்). கணினியில் சத்தத்தைச் சுத்தம் செய்கிற மென்பொருளைப் போட்டார். அது காற்றை வெட்டும்போதே குரலிலும் பாதியை வெட்டி, மீதியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆக்கிக் கொடுத்தது.

எட்டு மாதம். நூற்றுப்பன்னிரண்டு பயணம். உருப்படியாக ஒரு வாக்கியம் பதிவாகவில்லை. காற்றாலை ஒன்றின் அடியில் வண்டியை நிறுத்தி, மேலே சுற்றும் இறக்கைகளைப் பார்த்து, "உனக்கு எத்தன கிரீஸ் வச்சிருப்பேன்! நன்றி கெட்ட நாயே!" என்று கத்தினார். அதுவும் பதிவாகவில்லை.

இந்த நிலைமையில்தான் ஷமீனாவின் ஞாபகம் வந்தது. பழைய சக ஊழியரின் மகள். கோவையில் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தாள். புற்றுநோயால் குரல்வளையை எடுத்தவர்களுக்காக அவள் ஒரு பொருள் செய்திருந்தாள்: பிளாஸ்திரி மாதிரி, கட்டைவிரல் அகலத்துக்கு, தொண்டையில் ஒட்டிக்கொள்வது. எல்லோரும் அதை ஒட்டு என்றார்கள்.

"காத்து வழியா வர்ற சத்தத்தப் புடிச்சாத்தான காத்து கெடுக்கும் அங்கிள்?" என்றாள். "இது காத்தையே தொடாது. பேசறதுக்கு முன்னாடி மூளை தொண்டைக்கு ஒரு சேதி அனுப்பும். தசையெல்லாம் லேசாத் துடிக்கும். அந்தத் துடிப்ப எடுத்து, உங்க பழைய குரல்லயே வார்த்தையாக்கிக் குடுத்துரும். புயல்ல நின்னு பேசினாலும் சரி, தண்ணிக்குள்ள நின்னு பேசினாலும் சரி."

நாச்சிமுத்துவுக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. "அம்மணி, ரெண்டு குடு."

"இருங்க. ஒண்ணு சொல்லோணும்." அவள் சிரிக்கவில்லை. "ஒரு வாத்தியாருக்கு இத ஒட்டினோம். ரெண்டு வருஷமா பேச்சே இல்லாதவரு. ஒட்டின ஒடனே சம்சாரத்தப் பாத்து, 'சாம்பார்ல உப்பு இல்ல'ன்னாரு. அந்தம்மா சந்தோசத்துல அழுதே போட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு அவங்களே கொண்டாந்து இத என்ற மேசையில வச்சுட்டுப் போயிட்டாங்க."

"ஏன்?"

"மனசுக்குள்ள வார்த்தையா நெனச்சாலும் தொண்டை துடிக்கும் அங்கிள். நெனப்புக்கும் பேச்சுக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது. குரல் இல்லாதவங்களுக்கே அது கஷ்டம். குரல் இருக்கறவங்களுக்கு எதுக்கு இது?"

"என்ற மனசுல இருக்கறதும் வாயில வர்றதும் ஒண்ணுதான் அம்மணி" என்றார் நாச்சிமுத்து. அவர் ஆயுளில் சொன்ன பொய்களை எல்லாம் உயரவாரியாக நிற்க வைத்தால், இது கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே தலை தெரிய நிற்கும்.

மறுநாளே பல்லடம் ரோட்டில் ஓட்டிப் பேசி, வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டார். காற்று இல்லை. சுத்தமாக இல்லை. அவருடைய குரல் மட்டும், வானொலி அறிவிப்பாளர் மாதிரி, கழுவித் துடைத்த வெண்கலச் சொம்பு மாதிரி ஒலித்தது.

"பாருங்க நண்பர்களே, இப்ப தொண்ணூறுல போயிட்டிருக்கறேன்."

அதே குரல், அதே தெளிவில், அடுத்த நொடி: "நாப்பத்திரெண்டு. அதுக்கே முட்டி நடுங்குது."

நாச்சிமுத்து காதில் இருந்ததைக் கழற்றி, தட்டி, மறுபடி மாட்டினார். கதை தொடர்ந்தது. அவருடைய புகழ்பெற்ற கதை: புயல் நாளில், பிரேக் அறுந்து பேய் பிடித்ததுபோல் சுற்றிய காற்றாலையில் தனியாளாக எழுபது மீட்டர் ஏறி, கையாலேயே நிறுத்தியது. பேக்கரியில் மாதம் ஒரு தடவையாவது சொல்லுவார். ஒட்டு அந்தக் கதையை முழுசாகப் பதிவு செய்திருந்தது. கதைக்கு அடியில் ஓடிய இன்னொன்றையும் சேர்த்து.

அந்தப் பதிவை அவர் பூட்டி வைத்தார். அழிக்கவும் மனம் வரவில்லை. இரண்டும் ஒரே குரல், ஒரே அளவு, ஒரே தெளிவு. எந்த மென்பொருளாலும் ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க முடியவில்லை. எட்டு மாதம் காற்றோடு மல்லுக்கட்டி ஜெயித்து, கடைசியில் தன் வாய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டார். வெளியிட ஒரு நிமிஷம்கூடத் தேறவில்லை. ஆத்திரத்தில் பூனைவால் உறையைத் தூக்கித் தெருவில் எறிந்தார். அந்த நாய் வந்து எடுத்துக்கொண்டு போனது.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. தான்தான் ஒன்று நினைத்து ஒன்று பேசுகிறவன். ஆனால் திருமலைசாமி? மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிற மனுஷன். அவர் தொண்டையில் ஒட்டினால் பேச்சு சுத்தமாக வரும். வால்பாறை மலையைப் பற்றி அவரைவிட யாரால் பேச முடியும்?

செவ்வாய்க்கிழமை இருவரும் ஆழியாறு வழியாக மலையேறினார்கள். "காத்து வராம இருக்க ஒரு பிளாஸ்திரி மாப்ள" என்று சொல்லி ஒட்டினார். மீதியைச் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டார் என்று இந்தக் கதையில் எழுதிவிடலாம், ஆனால் மறக்கவில்லை. சொன்னால் ஒட்ட விடமாட்டார் என்பதால் சொல்லவில்லை.

திருமலைசாமியின் வண்டி பழைய பெட்ரோல் வண்டி. அவர் முன்னால், நாச்சிமுத்து முப்பதடி பின்னால். பேச்சு ஹெல்மெட்டுக்கு ஹெல்மெட் இன்டர்காமில். வளைவுக்கு முன்னால் ஹாரன், வளைவில் அதன் எண்ணை உரக்கச் சொல்வது: திருமலைசாமியின் பேருந்துக் காலத்துப் பழக்கம் அது. "ஒம்பது!" என்று டிரைவர் கூவினால்தான் பின் சீட்டுக்காரர்கள் வாந்திப் பையைப் பிரிப்பார்களாம். அன்றும் கூவினார். "பத்து! பதினொண்ணு!" பதிமூன்றைத் தாண்டியதும் ரோட்டோரச் சுவரில் ஒரு குரங்கு கையைத் தூக்கியது. நாச்சிமுத்து விடுவாரா?

"மாப்ள! அந்தக் கொரங்கு எனக்கு வணக்கம் வைக்குது! போன வாரம் ஒரு பேட்டி எடுத்தேன், அந்த மரியாத!"

திருமலைசாமி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், நேராகப் போனார்.

எதிரே தேயிலை மூட்டைகளோடு இறங்கிய லாரி அலறி நின்றது. கைப்பிடி மூட்டையில் உரசியது. இலை பறந்தது. லாரிக்காரன் வெளியே தலையை நீட்டித் திட்ட, திருமலைசாமி அதைவிடச் சத்தமாகத் திருப்பித் திட்டினார்: "ஏறற வண்டிக்கு வழி விடோணும்னு தெரியாதா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" நாச்சிமுத்துவும் சேர்ந்து நாலு வார்த்தை திட்டினார். தப்பு லாரிக்காரன் மேல்தான் என்று சத்தியமாக நம்பினார்.

புதன்கிழமை காலையில் பதிவைப் போட்டார். காற்று இல்லாத, எஞ்சின் இல்லாத, மலையே இல்லாத வெளியில் திருமலைசாமியின் குரல் மட்டும் கேட்டது.

"பன்னெண்டு!" அது அன்றே இன்டர்காமில் கேட்டது. அடுத்தது அன்று கேட்கவில்லை: "வளைவு போர்டு எங்க? தெரியல. செரி, எண்ணிக்க இருக்குது."

"பதிமூணு!"

"எடப்பக்கம் சுத்தமாக் கறுப்பு. நேரா மட்டும் பாரு. கொழாய்க்குள்ள பாக்கற மாதிரி நேரா மட்டும். எண்ணு. எண்ணிக்க உட்டா போச்சு."

பிறகு சிரிப்பு. குரங்குக்கான சிரிப்பு. அந்தச் சிரிப்பு முடிவதற்குள், நாச்சிமுத்து அந்த மனிதரிடம் இதுவரை கேட்டேயிராத ஒரு குரல், பதறி, சின்னதாகி:

"பதினாலா? பதினஞ்சா?"

லாரிக்காரனுக்கு விட்ட வசவு. எல்லாம் ஓய்ந்த பிறகு, மிகவும் நிதானமாக: "மயிலுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா சாவிய வாங்கி வச்சுருவா. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிக்கறேன்."

நாச்சிமுத்து அதை ஆறு தடவை கேட்டார். நாற்பது வளைவுகளையும் அந்த மனுஷன் கண்ணால் ஓட்டவில்லை, எண்ணியே ஓட்டுகிறார். அந்த எண்ணிக்கையை உடைத்தது தன்னுடைய குரங்கு. ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில், பின்னால் மயிலாத்தாள் உட்காரப் போகிறாள்.

வியாழக்கிழமை திருமலைசாமியை வண்டி நிறுத்தும் கொட்டகையில் தனியாகப் பிடித்து, தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். பாதியிலேயே அவர் முகம் கறுத்தது.

"பிளாஸ்திரின்னு சொல்லி ஒட்டி, என்ற மனசத் திருடினீங்களா மச்சான்?"

"தப்புத்தான் மாப்ள. ஆனா அதுல இருக்கறது…"

"ஒரு மண்ணும் இல்ல. நான் அப்படி நெனைக்கவே இல்ல. உங்க மெஷின் கத கட்டுது."

"கண் டாக்டர் ஒருத்தரப் பாத்துட்டு வந்துரலாம். ஞாயித்துக்கெழம மட்டும் பஸ்ல…"

"முப்பத்தி மூணு வருஷம்! அந்த ரோட்ல பஸ் ஓட்டினவன் டிக்கெட் எடுத்து உக்காந்து போறதா? கண்ணக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்!" சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே உறைத்தாற்போல ஒரு கணம் நின்றார். பிறகு விரலை நீட்டினார். "மயிலுகிட்ட அதப் போட்டுக் காட்டினீங்கன்னா, இந்த ஜென்மத்துல உங்க வாசல மிதிக்க மாட்டேன்."

நாச்சிமுத்து ஷமீனாவுக்குப் போன் போட்டார்.

"போட்டுக் காட்டக் கூடாது அங்கிள்" என்றாள் அவள், யோசிக்கவே இல்லாமல்.

"உசுருப் பிரச்சினம்மா!"

"தெரியுது. நீங்க வாயால சொல்லுங்க, வண்டிச் சாவிய ஒளிச்சு வைங்க, டயர்ல காத்தப் புடுங்கி விடுங்க. ஆனா அவர் சொல்லாதத அவர் சொன்னதா யாருக்கும் போட்டுக் காட்டாதீங்க. இன்னிக்கு நீங்க நல்லதுக்குப் பண்ணுவீங்க. நாளைக்கு ஒரு மொதலாளி, ஒரு போலீஸ், ஒரு மாமியார்னு வரிசையா வந்து நிப்பாங்க. இன்னொண்ணு, நூத்துக்கு ஆறு எடத்துல இது தப்பாவும் சொல்லும். அந்த ஆறுல இது ஒண்ணா இருந்தா?"

"ஆறுல ஒண்ணு இல்ல அம்மணி. நான் அந்தக் கொரலக் கேட்டேன்."

"அப்ப அவர் வாயால சொல்ல வைங்க."

அதற்குத்தான் வெள்ளிக்கிழமை பேக்கரிக்குப் போனார். எல்லோர் முன்னாலும் அந்தப் பதிவைப் பற்றிப் பெருமை அடிப்பதுபோல் ஆரம்பித்தால், மாப்பிள்ளை கொஞ்சம் அசைந்து கொடுப்பார் என்று நினைத்தார். அந்த அறிவிப்பில் நூற்றிருபது கிலோமீட்டர் என்பது ஒன்றுதான் பொய். காற்று முப்பத்தைந்துதான். மீதி ஒவ்வொரு எழுத்தும் உண்மை. ஆயுளில் முதல் தடவையாக முக்கால்வாசி உண்மை பேசியிருக்கிறார், ஒருத்தராவது நம்பினார்களா? பப்ஸ்தான் நகர்ந்தது.

சனிக்கிழமை தங்கையிடமே போனார். மயிலாத்தாள் காதுகுத்துக்குச் சீர்த்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மயிலு, மாப்ளைக்குக் கண்ணு சரியில்ல. நாளைக்கு வண்டியில போகாத."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படீன்னு யார் சொன்னா?"

யார் சொன்னார் என்று சொல்ல முடியாது. "எனக்குத் தெரியும்" என்றார்.

"அண்ணா, போன மாசம் ஆழியாறு டேம்ல திமிங்கலம் பாத்தேன்னு சொன்னீங்க."

"அது வேற…"

"அதுக்கு முன்னாடி, நீங்க ஓட்டற வேகத்துல நெழலு பின்னாடி தங்கிருதுன்னீங்க. என்ற மகளுக்கு அஞ்சு வயசுல அதச் சொல்லி, அவ தெருவுல நின்னு நெழலத் தேடி அழுதா." வெற்றிலைக் கட்டைத் தட்டில் வைத்தாள். "அவியளுக்கும் உங்களுக்கும் ஏதோ சண்ட. நாளைக்குச் செரியாப் போயிரும். காப்பி குடிச்சுட்டுப் போங்க."

நாச்சிமுத்துவுக்குத் தலையை எதிலாவது முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. பொய் சொன்னபோதெல்லாம் கூட்டம் கூடியது. உண்மை ஒன்று கையில் இருக்கிறது, தங்கையின் உயிர் அளவுக்குக் கனமான உண்மை. அதைச் சொல்ல அவருக்கு வாய் இல்லை. இருக்கிற வாய் முப்பது வருஷமாகப் பயன்படுத்தித் தேய்ந்துபோன வாய். குரல் இழந்தவர்களுக்காகச் செய்த ஒட்டு, அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்ட அளவுக்கு வேறு யாருக்கும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குத் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார். கையில் ஒலிபெருக்கிப் பெட்டி, சட்டைப் பையில் ஒட்டு. திருமலைசாமி வண்டியைக் கிளப்பி ஓடவிட்டிருந்தார். மயிலாத்தாள் சீர்ப்பையை மடியில் வைத்துக்கொள்ள வாகாக முந்தானையைச் செருகிக்கொண்டிருந்தாள்.

திருமலைசாமியின் கண் பெட்டியில் விழுந்தது. "மச்சான்." அந்த ஒரு சொல்லில் எச்சரிக்கை இருந்தது.

"உங்களோடது இல்ல மாப்ள" என்றார் நாச்சிமுத்து. "உங்களோடத இப்பத்தான் அழிச்சுட்டு வர்றேன். இது என்னோடது."

பொத்தானை அழுத்தினார். காற்றில்லாத அவருடைய குரல் வாசலில் ஒலித்தது. "பாருங்க நண்பர்களே, இப்ப தொண்ணூறுல போயிட்டிருக்கறேன். நாப்பத்திரெண்டு. அதுக்கே முட்டி நடுங்குது."

மயிலாத்தாள் சிரித்துவிட்டாள். திருமலைசாமியின் மீசைகூடத் துடித்தது. "நாப்பத்திரெண்டே ஜாஸ்திதான்" என்றார்.

பதிவு ஓடியது. புயல் கதை ஆரம்பித்தது. பேய் பிடித்ததுபோல் சுற்றிய காற்றாலை. எழுபது மீட்டர் ஏணி. மயிலாத்தாளுக்கு மனப்பாடமான கதை. உதடு கூடவே அசைந்தது.

"…தனியா ஏறினேன் நண்பர்களே. நான் ஏறல. ஒரு கையால ஏணியப் புடிச்சு, ஒரு கையால பிரேக்க இழுத்தேன். ஜீப்புக்குள்ள கதவ அடச்சுட்டு உக்காந்திருந்தேன். பயம். மூத்தரம் போயிருச்சு. ஏறினது என்ற கூட வேல பாத்த ஆரோக்கியம். அப்படியே நிறுத்தினேன் பாருங்க, ஊரே கை தட்டுச்சு. அவனுக்கு ரெண்டு வெரலு போச்சு. ஆஸ்பத்திரிக்குக்கூட நான் போகல. மறுநாள் கம்பெனியில கேட்டாங்க, நான்னு சொல்லீட்டேன். அதான் நண்பர்களே, காத்துக்கிட்ட பயந்தா ஆகாது."

நாச்சிமுத்து நிறுத்தினார்.

யாரும் சிரிக்கவில்லை. வண்டி மட்டும் டபடபவென்று ஓடிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பார்க்கக் கூடாததைப் பார்த்தவள்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இத எதுக்குங்க மச்சான்…" என்றார் திருமலைசாமி.

"மெஷின் கத கட்டுதுன்னீங்க. கத கட்டறது நான் மாப்ள. மெஷினுக்கு அந்தத் தெறம பத்தாது." நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து ஒட்டை எடுத்து வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்தார். "நான் பேசினா மயிலு நம்ப மாட்டா. நம்பாததும் நாயந்தான். நீங்க சொன்னா நம்புவா. சொல்ல முடியலீன்னா இது இருக்குது. ரெண்டும் வேண்டாம்னா, போயிட்டு வாங்க. நான் இங்கயே நின்னு நாப்பது வரைக்கும் எண்ணிக்கிட்டிருக்கறேன்."

"என்னுங்க இது? என்னத்தச் சொல்லோணும்?" என்றாள் மயிலாத்தாள் கணவரைப் பார்த்து. அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெற்கே மலை இருக்கிற பக்கம் பார்த்தபடியே, சாவியைத் திருகி வண்டியை அணைத்தார்.

சத்தம் நின்றதும் காற்று கேட்டது. ஆனி மாதத்துக் காற்று, வாசல் தென்னையைப் பிடித்து உலுக்கியது.

திருமலைசாமி ஒட்டை எடுப்பதற்குக் கையை நீட்டினார். கை முதலில் அதற்கு ஒரு சாண் இடப்பக்கம் போய், தடவி, பிறகுதான் கண்டுபிடித்தது. மயிலாத்தாள் அதைப் பார்த்தாள். அவர் காலரை விலக்கி, தொண்டைக் குழிக்கு மேலே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். நாச்சிமுத்து பெட்டியை ஒட்டோடு இணைத்தார்.

எதுவும் வரவில்லை. உதடுகள் தைத்ததுபோல மூடியிருந்தன. முப்பத்து மூன்று வருஷம் ஒரு கோழியைக்கூட அடிக்காத மனிதரின் தாடை மட்டும் இறுகி இறுகித் தளர்ந்தது. தென்னை மட்டை ஒன்று பிய்த்துக்கொண்டு விழுந்தது. பெட்டியில் அந்தச் சத்தம் வரவில்லை; காற்றும் வரவில்லை.

பிறகு பெட்டி பேசியது. அவர் வாய் திறக்கவில்லை. மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், திறக்கவே இல்லை.

"மச்சான் சொன்னது நெசந்தான் மயிலு. பதினாலான்னு தெரியல, பதினஞ்சான்னு தெரியல. லாரிக்காரன் மேல தப்பே இல்ல."